வளரும் நாடுகளில் அந்நிய நேரடி முதலீடு: ஆய்வுப் போக்குகளைக் கண்டறிந்து எழுத முழுமையான வழிகாட்டி

"இந்தத் துறையில் ஆய்வு இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று நெறியாளர் சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து இரண்டு சொற்களைத் தட்டுகிறார்கள். வந்ததையெல்லாம் விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுகிறார்கள். வண்ண வண்ண வட்டங்களோடு ஒரு படம் வருகிறது. அதைப் பார்த்து என்ன எழுதுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

காரணம் வரிசைதான். மென்பொருள் ஒன்பதாவது படியில் வர வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாவிட்டால், படத்தில் தெரியும் ஏற்ற இறக்கம் ஆய்வாளர்களின் ஆர்வம் மாறியதால் வந்ததா, அல்லது தரவுத்தளமும் நாட்டு வகைப்பாடும் புள்ளிவிவர முறையும் மாறியதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இந்தத் துறையில் இரண்டாவது வகை மாற்றங்கள் நிறைய உண்டு.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் அணுகல். பல்கலைக்கழக நூலகத்தில் இல்லையென்றால் ஓபன்அலெக்ஸ் இலவசம். அதில் சுத்தம் செய்யும் வேலை கூடும்.
- விஓஎஸ்வியூவர், 'ஆர்' நிரல்மொழியில் இயங்கும் பிப்லியோமெட்ரிக்ஸ். இரண்டும் இலவசம். நிரல் எழுத வராதவர்களுக்குப் பிப்லியோமெட்ரிக்ஸின் இடைமுகமான பிப்லியோஷைனி போதும்.
- ஒரு விரிதாள், ஒரு குறிப்பேட்டுக் கோப்பு. எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு முறையியல் பகுதி எழுதும்போது இதன் அருமை தெரியும்.
- இரண்டாவது ஆள் ஒருவர். சக மாணவராக இருந்தாலும் போதும். ஐந்தாம் படியிலும் பத்தாம் படியிலும் இவர் தேவை.

கூகுள் ஸ்காலரை முதன்மைத் தரவுத்தளமாக வைக்க வேண்டாம். ஒற்றைக் கட்டுரையைத் தேடிப் பிடிக்க அது நல்ல கருவி. ஆனால் மேற்கோள் பட்டியல்களை மொத்தமாகத் தரவிறக்க அது வழி தருவதில்லை. அதே தேடலை அடுத்த மாதம் செய்தால் அதே முடிவு வரும் என்ற உறுதியும் இல்லை.

## 1. கேள்வியை ஒரு திசைக்குச் சுருக்குங்கள்

அந்நிய நேரடி முதலீடு பற்றிய ஆய்வுகள் குறைந்தது நான்கு தனித்தனி உரையாடல்களாக நடக்கின்றன. முதலீடு ஒரு நாட்டுக்கு ஏன் வருகிறது என்பது ஒன்று. வந்தபின் வளர்ச்சி, கூலி, உற்பத்தித்திறன், சுற்றுச்சூழல் ஆகியவற்றை அது என்ன செய்கிறது என்பது இரண்டாவது. பன்னாட்டு நிறுவனம் எந்த வடிவில் நுழைகிறது, எப்படி நிர்வகிக்கிறது என்பது மூன்றாவது. இதைப் பெரும்பாலும் மேலாண்மைத் துறையினர் எழுதுகிறார்கள். வளரும் நாடுகளின் நிறுவனங்களே வெளிநாட்டில் முதலீடு செய்வது நான்காவது.

இந்த நான்கையும் ஒரே பையில் போட்டால் வரைபடம் நான்கு கொத்துகளைக் காட்டும். "ஆய்வு நான்கு கருப்பொருள்களாகப் பிரிந்துள்ளது" என்று நீங்கள் எழுதுவீர்கள். அது கண்டுபிடிப்பு அல்ல, நீங்களே போட்டுக் கலக்கியது. ஒன்றை எடுங்கள். "நிறுவன மட்டத்தில் கசிவுப் பயன்களை (அந்நிய நிறுவனத்தின் வருகையால் உள்நாட்டு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் மறைமுகப் பயன்களை) அளந்த ஆய்வுகள் என்ன கேள்வியிலிருந்து என்ன கேள்விக்கு நகர்ந்தன?" என்பது போன்ற ஒரு வாக்கியம் கிடைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

## 2. 'வளரும் நாடு' யார் என்பதை எழுதி வையுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். வகைப்பாடு நிலையானது அல்ல என்பதுதான் சிக்கல். உலக வங்கி வருமான அடிப்படையிலான பிரிவுகளை ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில் புதுப்பிக்கிறது. வளரும் நாடு, வளர்ந்த நாடு என்ற பிரிவினையை 2016-ல் தன் உலக வளர்ச்சிக் குறியீடுகள் வெளியீட்டிலிருந்தே அது எடுத்துவிட்டது. ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அன்க்டாட் அந்தப் பிரிவினையை வைத்திருக்கிறது. ஆனால் 2021-ல் தென் கொரியாவை வளர்ந்த நாடுகள் பக்கம் மாற்றியது.

ஆக, 1990-களில் எழுதப்பட்ட கட்டுரையின் 'வளரும் நாடுகள்' பட்டியலும் 2022-ல் எழுதப்பட்டதன் பட்டியலும் ஒன்றல்ல. தென் கொரியாவைப் பற்றிய 1980-களின் ஆய்வு உங்கள் தொகுப்பில் இருக்க வேண்டுமா? எந்த விடையும் சரிதான், எழுதி வைத்திருந்தால். ஆய்வு நடந்த காலத்தில் அந்த நாடு எந்தப் பிரிவில் இருந்ததோ அதையே எடுப்பது என் பழக்கம். மீளாய்வாளர்கள் கேட்டால் காரணம் சொல்ல எளிது.

மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு வந்த மாற்றப் பொருளாதாரங்களைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். கசிவுப் பயன் ஆய்வுகளில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் ஒன்று லிதுவேனியாவைப் பற்றியது. அதை விட்டால் உரையாடலின் நடுப்பகுதியே காணாமல் போகும்.

## 3. முதலீடு எப்படி அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் கொஞ்சம் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நூலளவியல் கட்டுரை (வெளியீடுகளையும் மேற்கோள்களையும் எண்ணி ஆராய்வது) எழுதுகிறோம், நமக்கு எதற்குப் பொருளாதாரப் புள்ளிவிவரம் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் துறையின் முரண்பட்ட முடிவுகளில் பல, அளவை வேறுபாட்டிலிருந்து பிறந்தவை. அது தெரியாமல் 'முடிவுகள் கலவையாக உள்ளன' என்று மட்டுமே எழுத முடியும்.

பன்னாட்டு நிதியம், பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி இரண்டின் வரையறைப்படி, வேறொரு நாட்டு நிறுவனத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால் அது நேரடி முதலீடு. அதற்குக் கீழே என்றால் பங்கு முதலீட்டு (போர்ட்ஃபோலியோ) கணக்கில் போகும். இந்தக் கோட்டைத் தாண்டியதும் கவனிக்க வேண்டியவை வருகின்றன.

வரத்தும் இருப்பும் வேறு. வரத்து என்பது ஓராண்டில் வந்தது, இருப்பு என்பது அதுவரை சேர்ந்தது. வரத்து எதிர்மறையாகவும் இருக்கலாம்: தாய் நிறுவனம் கடனைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டின் எண் கீழே போகும். எதிர்மறை எண்ணுக்கு மடக்கை எடுக்க முடியாது என்பதால் சில ஆய்வுகள் அந்த ஆண்டுகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். வாசிக்கும்போது இதைத் தேடுங்கள்.

வரத்து ஓராண்டில் எவ்வளவு ஆடும் என்பதற்கு 2020 நல்ல உதாரணம். அன்க்டாட் கணக்கில் அந்த ஆண்டு உலக வரத்து 35 சதவீதம் சரிந்து ஏறக்குறைய 1 டிரில்லியன் டாலருக்கு வந்தது. வளர்ந்த நாடுகளில் சரிவு 58 சதவீதம், வளரும் நாடுகளில் 8 சதவீதம். 2020-ல் முடியும் மாதிரியும் 2019-ல் முடியும் மாதிரியும் வேறு கதை சொல்ல வாய்ப்புண்டு.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை நம்பிவிடாதீர்கள். இந்தியாவுக்கு நீண்ட காலம் மிக அதிக முதலீடு வந்த நாடாக மொரீஷியஸ் பதிவானதற்கு வரி ஒப்பந்தம் ஒரு பெரிய காரணம். அந்த ஒப்பந்தம் 2016-ல் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கப்படும் பங்குகளின் மூலதன ஆதாயத்துக்கு இந்தியாவிலேயே வரி என்றானது. சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையில் சுற்றி வரும் பணத்தின் கதையும் இதே வகை. 2019-ல் பன்னாட்டு நிதியத்துடன் இணைந்து டாம்கார்ட், எல்க்யார், யோஹான்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, உலகளவில் பதிவாகும் நேரடி முதலீட்டில் கிட்டத்தட்ட 40 சதவீதம் உண்மையான தொழில் நடவடிக்கை இல்லாத வெற்று நிறுவனங்கள் வழியே செல்வது என்று மதிப்பிட்டது. இதற்குப் பிறகு எழுதப்பட்ட ஈர்ப்பு மாதிரி (நாடுகளின் பொருளாதார அளவையும் தூரத்தையும் வைத்து ஓட்டத்தைக் கணிக்கும் முறை) ஆய்வுகளையும் இதற்கு முந்தையவற்றையும் ஒரே தட்டில் வைத்து எண்ணக் கூடாது.

## 4. வரைபடத்துக்கு முன் பதினைந்து கட்டுரைகள் வாசியுங்கள்

முழுத் தொகுப்பையும் சேர்த்தபின் வாசிக்கலாம் என்று தள்ளிப்போடுவது வழக்கம். அப்படிச் செய்தால் தேடல் சரத்தில் எந்தச் சொற்களைப் போடுவது என்றே தெரியாது. எந்தப் பதினைந்து என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. அடித்தளம் பெரும்பாலும் பொது.

கோட்பாட்டில் ஸ்டீபன் ஹைமர் 1960-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு (1976-ல்தான் நூலாக வந்தது), ரேமண்ட் வெர்னனின் 1966 பொருள் சுழற்சிக் கட்டுரை, ஜான் டன்னிங்கின் ஓஎல்ஐ சட்டகம் (உரிமை, இடம், உள்ளீர்ப்பு என்ற மூன்று அனுகூலங்களால் முதலீட்டை விளக்குவது). வளர்ச்சி பக்கம் போரன்ஸ்டீன், டி கிரகோரியோ, லீ ஆகியோரின் 1998 கட்டுரை: 69 வளரும் நாடுகளை எடுத்து, மனித வளம் ஒரு குறைந்தபட்ச அளவை எட்டிய இடத்தில்தான் முதலீடு வளர்ச்சிக்குக் கூடுதலாக உதவுகிறது என்று சொன்னது. 2004-ல் அல்ஃபாரோவும் சக ஆய்வாளர்களும் அதே தர்க்கத்தை நிதிச் சந்தைக்கு நீட்டினார்கள். ஈர்க்கும் காரணிகள் என்றால், ஆப்பிரிக்கா வேறுபட்டதா என்று கேட்ட அசீடுவின் 2002 கட்டுரை. வெளிச்செல்லும் முதலீடு என்றால் சீனாவைப் பற்றி பக்லியும் சகாக்களும் 2007-ல் எழுதியது.

இந்த வாசிப்பிலிருந்து இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று, ஆசிரியர்கள் பயன்படுத்தும் சொற்களின் பட்டியல். மற்றொன்று, உங்கள் தேடலில் கட்டாயம் அகப்பட வேண்டிய இருபது முப்பது கட்டுரைகளின் பட்டியல். அடுத்த படியில் தேடலைச் சோதிக்கப்போவது இதை வைத்துத்தான்.

## 5. தேடல் சரத்தைக் கட்டிச் சோதியுங்கள்

சரத்தில் மூன்று தொகுதிகள் இருக்கட்டும்: முதலீட்டுச் சொற்கள், நாட்டுச் சொற்கள், கேள்விக்குரிய சொற்கள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் 'ஆர்' (அல்லது), தொகுதிகளுக்கு இடையில் 'ஆண்ட்' (மற்றும்). முதல் இரண்டிலும், மொழி வடிகட்டலிலும் பொறிகள் உண்டு.

முதலீட்டுச் சொற்கள். 'எஃப்டிஐ' என்ற சுருக்கத்தை மட்டும் போட்டால் பல் மருத்துவக் கட்டுரைகள் வந்து குவியும். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் பெயரும் எஃப்டிஐ, பற்களுக்கு எண் கொடுக்கும் முறையும் எஃப்டிஐ. சுருக்கத்தை விட்டுவிட்டு 'ஃபாரின் டைரக்ட் இன்வெஸ்ட்மென்ட்' என்ற முழுத்தொடரை மேற்கோள் குறிக்குள் போடுவதும் போதாது. பழைய கட்டுரைகள் 'ஃபாரின் பிரைவேட் இன்வெஸ்ட்மென்ட்' என்றன. ஐ.நா. மரபில் வந்தவை 'டிரான்ஸ்நேஷனல் கார்ப்பரேஷன்' என்கின்றன. நிறுவன மட்ட ஆய்வுகள் 'ஃபாரின் ஓனர்ஷிப்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

நாட்டுச் சொற்கள். 'டெவலப்பிங் கண்ட்ரீஸ்' என்று மட்டும் தேடினால், தலைப்பிலும் சுருக்கத்திலும் வியட்நாம், கானா என்று மட்டும் எழுதிய கட்டுரைகள் தப்பிவிடும். அவை குறைவல்ல. இரண்டாம் படியில் முடிவு செய்த நாடுகளின் பெயர்களை முழுமையாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது: 'நைஜர்' என்பதோடு நட்சத்திரக் குறி போட்டால் நைஜீரியா முழுதும் உள்ளே வரும். 'கினி' என்றால் பப்புவா நியூ கினியும் எக்குவடோரியல் கினியும் சேர்ந்து வரும். 'ஜார்ஜியா' அமெரிக்க மாநிலத்தையும் கொண்டுவரும், அங்கு வந்த அந்நிய முதலீட்டைப் பற்றியும் கட்டுரைகள் உண்டு. பெயர் மாறிய நாடுகளுக்குப் பழைய பெயரும் வேண்டும்: எஸ்வத்தினி 2018 வரை சுவாசிலாந்து, காங்கோ ஜனநாயகக் குடியரசு 1997 வரை ஜைர்.

மொழி. ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைச் சார்ந்தே இருக்க வைக்கப்படுகின்றன என்ற சார்புநிலைக் கோட்பாடு வளர்ந்த லத்தீன் அமெரிக்காவின் எழுத்துகளில் பெரும்பகுதி ஸ்பானிஷிலும் போர்த்துகீசிலும் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் என்று வடிகட்டினால், முதலீட்டை விமர்சித்த ஒரு மரபு முழுவதும் தொகுப்பிலிருந்து மறையும். பிறகு 'ஆய்வுகள் பெரும்பாலும் முதலீட்டுக்குச் சாதகமானவை' என்று எழுதுவது நியாயமில்லை. மொழியை விரிவாக்க முடியாவிட்டால் அதை வரம்பு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சரம் தயாரானதும் இரண்டு சோதனைகள். முதலாவது: நான்காம் படியின் கட்டாயப் பட்டியலில் எத்தனை அகப்பட்டன? அகப்படாதது ஏன் அகப்படவில்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விடுபட்ட சொல் தானாகத் தெரியும். இரண்டாவது: வந்தவற்றில் தோராயமாக நூறை எடுத்து, நீங்களும் இரண்டாவது ஆளும் ஒருவருக்கொருவர் காட்டாமல் 'பொருந்தும், பொருந்தாது' என்று குறித்து, ஒத்துப்போகும் அளவைக் கோஹன் கப்பாவால் (தற்செயலான ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் அளவை) கணக்கிடுங்கள். இருவரும் அடிக்கடி முரண்பட்டால் பிழை தேடலில் இல்லை, முதல் படியின் கேள்வி இன்னும் மங்கலாக இருக்கிறது என்று பொருள்.

## 6. ஒரே தரவுத்தளம், ஒரே நாள்

இரண்டு தரவுத்தளங்களைச் சேர்த்தால் முழுமை கூடும் என்று தோன்றும். கட்டுரைப் பட்டியல் கூடும், உண்மை. ஆனால் ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் மேற்கோள் பட்டியலை எழுதும் வடிவம் வேறு. சேர்த்த கோப்பில் ஒரே நூல் இரண்டு பெயர்களில் நிற்கும், இணை மேற்கோள் பகுப்பாய்வு (ஒன்பதாம் படி) பாழாகும். ஒன்றை முதன்மையாக வையுங்கள். மற்றதை, விடுபட்டவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

தரவிறக்கத்துக்கு ஒரு தடவைக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. ஆண்டுவாரியாகப் பிரித்து எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பது முக்கியம். மேற்கோள் எண்ணிக்கை நாளுக்கு நாள் நகர்வதால், இரண்டு மாத இடைவெளியில் எடுத்த துண்டுகளை ஒட்டினால் ஒப்பீடு கோணலாகும். மேற்கோள் பட்டியலையும் சேர்த்து எடுக்கும் பெட்டியில் குறியிட மறக்காதீர்கள். இதை மறந்து ஒன்பதாம் படி வரை வந்து திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மூலக் கோப்பை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

## 7. சுத்தம் செய்தல்

சலிப்பூட்டும் படி, ஆனால் இதைத் தவிர்த்த வரைபடத்தை உடனே அடையாளம் காணலாம்: 'எஃப்டிஐ' ஒரு வட்டம், 'ஃபாரின் டைரக்ட் இன்வெஸ்ட்மென்ட்' ஒரு வட்டம், அதன் பன்மை இன்னொரு வட்டம். விஓஎஸ்வியூவரில் இதற்கென்று ஒரு சொல்மாற்றுக் கோப்பு உண்டு. இரண்டே நிரல்கள் (நெடுவரிசைகள்): உள்ள சொல், மாற்ற வேண்டிய சொல். அதில் ஒருமை, பன்மை, சுருக்கம், பிரிட்டிஷ் அமெரிக்க எழுத்து வேறுபாடு எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம்.

சேர்ப்பதிலும் அளவு வேண்டும். 'கசிவு', 'உற்பத்தித்திறன்', 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் நீங்கள் தேடும் நகர்வே அழிந்துபோகும்.

தேடல் சொல்லை வரைபடத்திலிருந்து நீக்குங்கள். எல்லாக் கட்டுரையிலும் இருப்பது எதையும் வேறுபடுத்தாது.

ஆசிரியர் பெயர்களிலும் இதே வேலை உண்டு. டன்னிங் ஒருவரே 'டன்னிங் ஜே', 'டன்னிங் ஜே.ஹெச்.' என்று இரண்டாக நிற்பார். மறுபக்கம், 'வாங் ஒய்' என்ற பெயரில் பலர் ஒருவராகக் கலந்திருப்பார்கள். அதிகம் எழுதிய ஆசிரியர் யார் என்ற அட்டவணையை நான் பெரும்பாலும் போடச் சொல்வதில்லை, கேள்விக்கு அது உதவுவது அரிது.

## 8. எண்ணிக்கை வளைவை நம்பும் முன்

ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்ற வளைவு எப்போதும் மேலேதான் போகும். எல்லாத் துறைகளிலும் கட்டுரைகள் பெருகுகின்றன. ஆகவே அதே தரவுத்தளத்தில், அதே ஆண்டில், பொருளியல் துறையில் வந்த மொத்தக் கட்டுரைகளால் வகுத்து, விகிதமாக வரையுங்கள். பலருடைய 'அதிவேக வளர்ச்சி' இந்த ஒரு வகுத்தலில் சாதுவாகிவிடும்.

அதற்குப் பிறகும் சில தாவல்கள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் முதலில் தரவுத்தளக் காரணம் தேடுங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில் கட்டுரைச் சுருக்கமும் ஆசிரியர் தரும் திறவுச்சொற்களும் 1991-லிருந்துதான் முறையாகச் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் தலைப்பு மட்டுமே. எனவே 'தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல்' என்று தேடினால் 1990-க்கும் 1991-க்கும் இடையில் வளைவு குதிக்கும். அதே ஆண்டில் இந்தியாவின் தாராளமயமும் சோவியத் ஒன்றியத்தின் கலைப்பும் நடந்தன என்பதால், 'உலகமயமாக்கலின் தாக்கம்' என்று எழுத ஆசை வரும். தலைப்பில் மட்டும் தேடி மறுபடி வரைந்து பாருங்கள். அப்போதும் ஏற்றம் நின்றால் அது உண்மையான ஏற்றம்.

2015-ல் அதே தரவுத்தளம் வளர்ந்துவரும் இதழ்களுக்கென்று தனிக் குறியீட்டுப் பட்டியலைத் தொடங்கியது. வளரும் நாடுகளில் வெளியாகும் பல இதழ்கள் அதில் சேர்ந்தன. 'சமீப ஆண்டுகளில் தெற்கு நாட்டு ஆய்வாளர்கள் எழுச்சி பெற்றுள்ளனர்' என்று எழுதும் முன், அந்தப் பட்டியலை நீக்கி ஒருமுறை எண்ணுங்கள்.

கடைசி ஓரிரு ஆண்டுகளில் தெரியும் சரிவு பெரும்பாலும் பதிவேற்றத் தாமதம்.

## 9. வரைபடங்கள், அவற்றின் வரிசை

மூன்று வகைப் பகுப்பாய்வுகள் மூன்று வேறு காலங்களைப் பார்க்கின்றன. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பழைய நூல்களின் கொத்தைப் பார்த்து 'இன்றைய போக்கு' என்று எழுதுகிறார்கள்.

முதலில் இணை மேற்கோள். இரண்டு பழைய கட்டுரைகளைப் பிற்காலத்தவர் எத்தனை முறை சேர்த்துச் சுட்டுகிறார்கள் என்பதை இது எண்ணுகிறது. ஹென்றி ஸ்மால் 1973-ல் முன்வைத்த முறை. துறையின் அடித்தளம் தெரியும், புதியது தெரியாது. நேற்று வந்த கட்டுரையைச் சுட்ட இன்னும் ஆளில்லை.

அடுத்து நூற்பட்டியல் பிணைப்பு. கெஸ்லர் 1963-ல் தந்தது. இரண்டு கட்டுரைகள் எத்தனை நூல்களைப் பொதுவாகச் சுட்டுகின்றன என்பதை எண்ணுவதால், வெளியான அன்றே ஒரு கட்டுரையைக் கொத்தில் வைக்க முடியும். இன்றைய ஆய்வு முனையைக் காட்ட இதுவே பொருத்தம். கடைசி ஐந்தாறு ஆண்டுக் கட்டுரைகளுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

மூன்றாவதாக இணைச்சொல். ஆசிரியர் தந்த திறவுச்சொற்களை மட்டும் எடுங்கள். வெப் ஆஃப் சயின்ஸின் 'கீவேர்ட்ஸ் பிளஸ்' என்பது சுட்டப்பட்ட நூல்களின் தலைப்பிலிருந்து கணினி எடுப்பது. அதைப் போட்டால் பத்தாண்டுக்கு முந்தைய சொற்கள் இன்றைய கருப்பொருளாகக் காட்சி தரும்.

எண்ணும் முறையில் பின்ன முறையைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு கட்டுரையின் எடை அது சுட்டும் நூல்களுக்குள் பங்கிடப்படும். முழு எண்ணிக்கையில், இருநூறு நூல்களைச் சுட்டும் ஒரு மீளாய்வுக் கட்டுரை வரைபடத்தையே தன் பக்கம் இழுத்துவிடும். கொத்துகளின் எண்ணிக்கை, நீங்கள் வைக்கும் குறைந்தபட்ச வரம்பையும் தெளிவுத்திறன் அளவையும் (கொத்துகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பது) பொறுத்து மாறும். ஆகவே இரண்டு மூன்று மதிப்புகளில் ஓட்டி, எல்லாவற்றிலும் நிற்கும் கொத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பிப்லியோமெட்ரிக்ஸ் தரும் கருப்பொருள் வரைபடத்தில் இடது கீழ்க் கட்டம் ஒரு நிரந்தரச் சறுக்குமரம். அதன் பெயர் 'எழுவது அல்லது தேய்வது'. இரண்டில் எது என்று அந்தப் படம் சொல்லாது. காலத்தை மூன்று துண்டுகளாக வெட்டி, அந்தச் சொல் ஒவ்வொன்றிலும் எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். இருந்தும் அதைச் சரிபார்க்காமலே 'எழுந்துவரும் கருப்பொருள்' என்று எழுதப்பட்ட வரைவுகள் என் மேசைக்கு வருவது நிற்கவில்லை.

## 10. வாசித்துக் குறியிடுங்கள்

வரைபடம் எதை வாசிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். ஒவ்வொரு கொத்திலிருந்தும் அதிகம் சுட்டப்பட்டவை சில, புதியவை சில, எந்தக் கொத்திலும் ஒட்டாதவை சில என்று எடுத்து முழுதாக வாசியுங்கள். விரிதாளில் இந்த நிரல்கள் வேண்டும்: நாடு, தரவின் ஆண்டுகள், நாட்டு மட்டமா நிறுவன மட்டமா, முதலீட்டின் அளவை (வரத்து, இருப்பு, ஜிடிபி விகிதம், புதுத் திட்டம், கையகப்படுத்தல்), முறை, முடிவின் திசை, முடிவுக்கு வைத்த நிபந்தனை. சிலவற்றை இரண்டாவது ஆளும் தனியாகக் குறியிடட்டும்.

இந்த அட்டவணை என்ன தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கசிவுப் பயன் ஆய்வுகளின் முடிவை மட்டும் ஆண்டுவாரியாக வைத்தால், 1970-களில் நேர்மறை, 1990-களின் இறுதியில் சந்தேகம், பிறகு மீண்டும் நம்பிக்கை என்று ஆடும். முறை நிரலைப் பக்கத்தில் வைத்தால் ஆட்டத்தின் காரணம் தெரியும். தொடக்க ஆய்வுகள் ஒரே காலப்புள்ளியில் தொழில்துறைகளை ஒப்பிட்டவை. அயிட்கனும் ஹாரிசனும் 1999-ல் வெனிசுவேலா ஆலைகளை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தபோது, அந்நிய நிறுவனங்கள் ஏற்கெனவே திறன் மிகுந்த துறைகளைத் தேடிப் போவதைக் கண்டார்கள். அதே துறையின் உள்நாட்டு ஆலைகளுக்கு விளைவு எதிர்மறையாக இருந்தது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த கோர்க், ஸ்ட்ரோபிள் இருவரின் 2001 தொகுப்பாய்வும் ஒரே புள்ளித் தரவுக்கும் தொடர் தரவுக்கும் முடிவு வேறுபடுவதைச் சுட்டியது. 2004-ல் யாவோர்ச்சிக் லிதுவேனியத் தரவில் கேள்வியையே நகர்த்தினார்: அதே துறைப் போட்டியாளருக்கு அல்லாமல், பொருள் வழங்கும் உள்ளூர் நிறுவனங்களுக்குப் பயன் கிடைக்கிறதா என்று கேட்டார், கூட்டுரிமை உள்ள திட்டங்களில் கிடைப்பதாகக் கண்டார்.

இதுதான் எழுதத் தகுந்த போக்கு. எண்ணிக்கை வளைவு எதுவும் இதைக் காட்டியிருக்காது.

முறை நிரல் இன்னொன்றையும் அம்பலப்படுத்தும். முதலீடும் கார்பன் வெளியீடும் பற்றிய கொத்து சமீபத்தில் மிகப் பெரிதாகத் தெரியும். திறந்து வாசித்தால், நாட்டை மாற்று, ஆண்டை நீட்டு, அதே ஏஆர்டிஎல் எல்லைச் சோதனையை ஓட்டு என்ற வகைக் கட்டுரைகள் அதில் ஏராளம். மாறிகளுக்கு இடையே நீண்டகாலத் தொடர்பு உண்டா என்று பார்க்க பெசரான், ஷின், ஸ்மித் 2001-ல் தந்த அந்தச் சோதனை, நிலையான தொடரும் நிலையற்ற தொடரும் கலந்த சிறு தரவுக்கு வசதியானது. வசதியே பெருக்கத்துக்கு ஒரு காரணம். கொத்தின் பருமன் கேள்வியின் முக்கியத்துவத்துக்குச் சான்றல்ல.

## 11. 'போக்கு' என்று சொல்ல என்ன வேண்டும்

நான் வைக்கும் குறைந்தபட்சம்: மொத்தக் கட்டுரைகளில் அதன் விகிதம் உயர்ந்திருக்க வேண்டும், ஒரே சிறப்பிதழால் வந்ததாக இருக்கக் கூடாது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆய்வுக் குழுக்கள் அதைச் செய்திருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லையென்றால் 'சில ஆய்வுகள் இதைத் தொட்டுள்ளன' என்று எழுதினால் போதும்.

தேய்வுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். உலக வங்கி, தொழில் நடத்தும் எளிமையில் நாடுகளைத் தரவரிசைப்படுத்திய தன் 'டூயிங் பிசினஸ்' அறிக்கையைத் தரவு முறைகேடுகள் வெளியானபின் 2021 செப்டம்பரில் நிறுத்தியது. அந்தத் தரவரிசையை மாறியாக வைத்த ஆய்வுகள் குறையத்தான் செய்யும். ஒழுங்குமுறைச் சூழலில் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதுபோலவே, நாட்டுக்கு நாடு முதலீட்டு ஓட்டத்தை ஆராய்ந்த பல கட்டுரைகள் 2012-ல் முடிவதைக் காண்பீர்கள்: அன்க்டாட் வெளியிட்ட இருதரப்புத் தரவுத் தொகுப்பு 2001 முதல் 2012 வரைதான் இருந்தது.

ஆய்வு இடைவெளி பற்றியும் ஒரு சொல். 'இந்த நாட்டில் இதுவரை யாரும் செய்யவில்லை' என்பது தானாக இடைவெளி ஆகாது. அந்த நாட்டில் என்ன வேறுபாடு இருப்பதால் முடிவு மாறக்கூடும் என்று சொல்ல முடிந்தால்தான் இடைவெளி. 15 சதவீத உலகக் குறைந்தபட்ச வரிக்கு 2021-ல் எட்டப்பட்ட உடன்பாடு நல்ல உதாரணம்: வரிச்சலுகையை நம்பி முதலீட்டை ஈர்த்த நாடுகளில், ஈர்க்கும் காரணிகள் பற்றிய பழைய முடிவுகள் நிற்குமா என்ற கேள்விக்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

## 12. எழுதும் வரிசை

முறையியல் பகுதியை முதலில் எழுதுங்கள். குறிப்பேடு இருப்பதால் இது ஓரிரு நாள் வேலை. முழுத் தேடல் சரத்தையும், தேடிய தேதியையும், வந்தவை எத்தனை, நீக்கியவை எத்தனை, ஏன் என்பதையும் பிரிஸ்மா வரைபடமாகத் தாருங்கள். அடுத்து, பத்தாம் படியின் அட்டவணையிலிருந்து வாதத்தை எழுதுங்கள். வரைபடங்களை அதற்குப் பிறகு செருகுங்கள். எந்தப் பத்தியும் தன்னைத் தாங்க ஒரு படத்தைக் கேட்கவில்லையென்றால் அந்தப் படத்தை எடுத்துவிடலாம். நான்கைந்து படங்களுக்கு மேல் தேவைப்பட்டதாக நினைவில்லை.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும்: சுத்தம் செய்தபின் சில நூறு கட்டுரைகள்கூடத் தேறவில்லையென்றால் எட்டு, ஒன்பது படிகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வாசித்துக் குறியிடுவதே மேல். நூறு கட்டுரைக்கு வரைபடம் போட்டால் கொத்துகள் வரும், ஆனால் ஒரு கட்டுரையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அவை இடம் மாறும்.

இதழுக்கு அனுப்பும் முன், நீங்கள் சுட்டும் கட்டுரைகளில் எதுவும் பின்வாங்கப்பட்டதா என்று டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) வைத்து ஒருமுறை சரிபாருங்கள். மூலக் கோப்பு, சொல்மாற்றுக் கோப்பு, குறியீட்டு விரிதாள் மூன்றையும் பிற்சேர்க்கையாகத் தயாராக வையுங்கள். மூலக் கோப்பை அப்படியே பொதுவில் வைக்கத் தரவுத்தளத்தின் உரிமம் அனுமதிக்காமல் போகலாம். அப்போது டிஓஐ பட்டியலை மட்டும் தந்தால் மற்றவர்கள் அதே தொகுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.